குழந்தை பேசக் கற்பது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தையின் பேச்சு பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் எண்ணிக்கையைப் பற்றியவை. எத்தனை மாதத்தில் பேசும், எத்தனை வார்த்தை தெரிய வேண்டும், பக்கத்து வீட்டுக் குழந்தை இத்தனை பேசுகிறதே. எண்ணிக்கைக்கும் பதில் கீழே இருக்கிறது. ஆனால் குழந்தை உங்களோடு மாறி மாறித் தொடர்புகொள்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பேச்சு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அது தொடங்கிவிடுகிறது.

இங்கே சொல்லும் வயதுகள் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கானவை. குறைமாதத்தில் பிறந்திருந்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

குழந்தை எப்போது மொழி கற்கத் தொடங்குகிறது?

கருவிலேயே. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கிறது. சொற்கள் தெளிவாகக் கேட்காது. அம்மாவின் குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும் கேட்கும். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தங்கள் அம்மாவின் குரலைக் கேட்பதற்காகச் சூப்பானைச் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டதை 1980இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2009இல் இன்னொரு ஆய்வு, பிறந்த சில நாட்களிலேயே பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறுவதையும், ஜெர்மன் குழந்தைகளின் அழுகை மேலிருந்து கீழே இறங்குவதையும் பதிவு செய்தது. அந்தந்த மொழியின் ராகமும் அப்படித்தான். அழுகையிலேயே தாய்மொழி எட்டிப்பார்க்கிறது!

மொழி, பேச்சு, தொடர்பு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. பேச்சு என்பது வாயால் ஒலிகளை உண்டாக்குவது. மொழி என்பது சொற்களும் அவற்றைச் சேர்க்கும் விதிகளும். அதைச் சைகையிலும் எழுத்திலும்கூட வெளிப்படுத்தலாம். தொடர்பு இவை இரண்டையும்விடப் பெரியது. பார்வை, புன்னகை, கையை நீட்டுவது, தலையைத் திருப்பிக்கொள்வது எல்லாமே அதில் அடக்கம்.

இதைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. மழலை மாறாமல் பேசினாலும் நீளமாகக் கதை சொல்லும் குழந்தைக்குப் பேச்சில் மட்டும் சிக்கல் இருக்கலாம். விளம்பர வசனங்களைத் தெள்ளத் தெளிவாக ஒப்பிக்கும் குழந்தை, தனக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒருவரிடம் கேட்காமல் இருந்தால் சிக்கல் தொடர்பில் இருக்கலாம். இரண்டாவது குழந்தையைப் பற்றித்தான் வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள், நான் கவலைப்படுவேன்.

பேசாத முதல் ஆண்டில் என்னதான் நடக்கிறது?

நிறைய நடக்கிறது, வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு, மூன்று மாதத்தில் ‘ஊ’, ‘ஆ’ என்று உயிரொலிகளை நீட்டிக் குழைவார்கள். நீங்கள் பதிலுக்கு ஏதாவது சொன்னால் நிறுத்திக் கேட்டுவிட்டு மறுபடியும் குரல் கொடுப்பார்கள். முறைவைத்துப் பேசுவது இங்கேதான் ஆரம்பம். ஆறு முதல் பத்து மாதத்துக்குள் ‘பபபப’, ‘தததத’, ‘மமம’ என்று மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் வரும். வாயும் காதும் சேர்ந்து செய்யும் பயிற்சி இது. காது கேளாத குழந்தைகளுக்கு இந்தக் கட்டம் தாமதமாக வருவதே அதற்குச் சான்று. சைகை மொழி புழங்கும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள் கைகளாலேயே இதேபோல மழலை பேசுவதை 1991இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஒலிகளைப் பிரித்தறிவதில் நடப்பது இன்னும் வியப்பு. பிறக்கும்போது எந்த மொழியின் ஒலியையும் வேறுபடுத்தும் காதோடு பிறக்கிறோம். ‘ட’வும் ‘த’வும் நமக்குத் தெளிவாக வேறு; ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்கள் இரண்டையும் பிரிக்கத் திணறுவார்கள். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியிலுள்ள இந்த வேறுபாட்டை எளிதாகக் கண்டுபிடித்தார்கள். அதே மாதிரியான குழந்தைகளைப் பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் சோதித்தபோது அந்தத் திறன் பெருமளவு மறைந்திருந்தது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இது. இதை இழப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னைச் சுற்றிப் புழங்கும் மொழிக்குக் காதைக் கூர்மையாக்கிக்கொள்வதற்குக் குழந்தை கொடுக்கும் விலை அது.

சரி, பேச்சில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? எழுத்தில் இருக்கும் இடைவெளி பேச்சில் கிடையாதே. 1996இல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு இடைவெளியே இல்லாத அசைத் தொடர் ஒன்றை இரண்டே நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே அதிலிருந்த ‘சொற்களை’ அவர்கள் பிரித்தறிந்தார்கள். பொருளும் சீக்கிரமே சேர்ந்துவிடுகிறது. உணவு, உடலுறுப்பு போன்ற தினசரிச் சொற்கள் சிலவற்றை ஆறு முதல் ஒன்பது மாதத்திலேயே குழந்தைகள் புரிந்துகொள்வதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது முதல் சொல்லைச் சொல்வதற்குக் கிட்டத்தட்ட அரை ஆண்டு முன்பே.

விரலால் சுட்டிக்காட்டுவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

என்னைக் கேட்டால் முதல் சொல்லைவிட இதைத்தான் கொண்டாட வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும்.

சுட்டுவதில் இரண்டு வகை. ‘அது எனக்கு வேண்டும்’ என்று சுட்டுவது ஒன்று. ‘அதைப் பாரேன்!’ என்று சுட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் குழந்தைக்கு எந்தப் பொருளும் தேவையில்லை. தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 2004இல் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், குழந்தை சுட்டும்போது பெரியவர் பொருளை மட்டும் பார்த்தாலும் போதவில்லை, குழந்தையை மட்டும் பார்த்துச் சிரித்தாலும் போதவில்லை. பொருளையும் பார்த்து, குழந்தையையும் பார்த்து, ‘ஆமாம்’ என்று பகிர்ந்துகொண்டபோதுதான் அவர்கள் நிறைவடைந்தார்கள்.

இருவரும் ஒரே பொருளில் கவனம் வைத்திருக்கும் அந்த நொடியில் பெரியவர் ஒரு சொல்லைச் சொன்னால், அது எதைக் குறிக்கிறது என்ற குழப்பம் குழந்தைக்கு இருக்காது. 14 மாதத்தில் பலவிதமான பொருள்களைச் சைகையால் காட்டிய குழந்தைகளுக்கு நாலரை வயதில் சொல்வளம் அதிகமாக இருந்ததை 2009இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. அதனால் குழந்தை சுட்டும்போது நீங்களும் அங்கே பாருங்கள், அதன் பெயரைச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, இங்கே பார்’ என்று இழுக்காதீர்கள்.

எந்த வயதில் எத்தனை சொற்கள் பேச வேண்டும்?

ஒரு வயதையொட்டி முதல் சொல். ஒன்றரை வயதில் பல குழந்தைகளிடம் பத்து முதல் ஐம்பது சொற்கள் வரை இருக்கும். இரண்டு வயதுக்குள் ஐம்பதைத் தாண்டி, ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்குவார்கள். மூன்று வயதில் மூன்று, நான்கு சொற்கள் கொண்ட வாக்கியங்களும் ஓயாத ‘ஏன்?’களும். இதற்குள்ளும் குழந்தைக்குக் குழந்தை பெரிய வித்தியாசம் இருக்கும்.

எதைச் சொல் என்று கணக்கில் எடுப்பது என்பதிலும் வீட்டில் சண்டை வரும். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தானாக, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அது சொல்தான். நாயைப் பார்க்கும்போதெல்லாம் ‘பவ்பவ்’ என்றால் எண்ணிக்கொள்ளுங்கள். எதைப் பார்த்தாலும் ‘மம்மம்’ என்றால் இன்னும் சொல்லாகவில்லை.

எல்லாம் புரிகிறது, ஆனால் பேசுவதில்லை. காத்திருக்கலாமா?

இரண்டு வயதில் ஐம்பது சொற்களை எட்டாமல், சொற்களைச் சேர்க்காமல் இருக்கும் குழந்தைகள் சுமார் 10 முதல் 15 சதவீதம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் மற்றவர்களை எட்டிவிடுகிறார்கள். புரிதல் நன்றாக இருப்பது, சைகைகள் நிறைய இருப்பது, பாவனை விளையாட்டு விளையாடுவது எல்லாம் நல்ல அறிகுறிகள்.

ஆனால் ‘எல்லாம் புரிகிறது’ என்பதைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். நீங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ‘வெளியே போகலாமா?’ என்றால் குழந்தை கதவுக்கு ஓடும். அது செருப்பைப் புரிந்துகொண்டதா, சொல்லையா? கை, கண், பொருள் எதுவும் காட்டிக்கொடுக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘பந்தை எடுத்து வா’ என்று சொல்லிப் பாருங்கள். பெற்றோர் நினைப்பதைவிடப் புரிதல் குறைவாக இருப்பது உண்டு. அப்படியானால் காத்திருக்க வேண்டாம்.

நாள் முழுக்கக் குழந்தையிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா?

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், 1995இல் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 42 குடும்பங்களை ஆராய்ந்து, நான்கு வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தை கேட்கும் சொற்களுக்கும் ஏழை வீட்டுக் குழந்தை கேட்கும் சொற்களுக்கும் மூன்று கோடி வித்தியாசம் என்று கணக்கிட்டார்கள். மாதம் சுமார் ஒரு மணி நேரப் பதிவிலிருந்து பெருக்கிப் போட்ட கணக்கு அது. குடும்பங்களும் குறைவு. அந்த எண்ணைப் பின்னால் வந்தவர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அது பெற்றோரை வாய் ஓயாமல் பேசவைத்ததுதான் மிச்சம் என்று எனக்குத் தோன்றும்.

2018இல் வெளியான ஓர் ஆய்வு நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது அவர்கள் மூளை எப்படி இயங்குகிறது என்றும் ஸ்கேன் செய்து பார்த்தது. மொழிக்கான ப்ரோக்கா பகுதியின் இயக்கத்தோடு தொடர்பு காட்டியது, குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய முறைகளின் எண்ணிக்கை. பெரியவர் பேசிய மொத்தச் சொற்கள் அல்ல. கேரம் ஆட்டத்தில் ஒருவரே எல்லா முறையும் அடித்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் எப்படி ஆடப் பழகுவார்?

பதில் கிடைக்காமல் போவதைக் கைக்குழந்தை எவ்வளவு உணர்கிறது என்பதை உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் காட்டினார். விளையாடிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார். சில மாதக் குழந்தை சிரித்துப் பார்க்கும், குரல் கொடுக்கும், கையை நீட்டும். பலிக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழந்தையின் முகத்துக்கு நேராக உட்காருங்கள். அது எதில் ஆர்வமாக இருக்கிறதோ அதைப் பற்றி ஒன்றிரண்டு சொல் பேசுங்கள். பிறகு நிறுத்துங்கள். மனதுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலானோருக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். மூன்றாவது நொடியிலேயே நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். குழந்தை ஒரு பார்வையோ ஒலியோ தந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, கூட ஒரு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். அது ‘காரு’ என்றால் ‘ஆமா, சிவப்புக் காரு’. இதற்கென்று தனி நேரம் வேண்டாம். குளிக்கவைக்கும்போது, உடுத்திவிடும்போது, துணி மடிக்கும்போது நடந்தால் போதும்.

‘இது என்ன? அது என்ன?’ என்று கேள்வியாகக் கேட்டுத் தள்ளாதீர்கள். விடை தெரிந்த கேள்வியை யாராவது நாள் முழுக்க உங்களிடம் கேட்டால் உங்களுக்கும் பேசத் தோன்றாது.

குழந்தையிடம் கொஞ்சலாகப் பேசலாமா?

தாராளமாக. மெதுவாக, உயிரொலிகளை நீட்டி, குரலை ஏற்றி இறக்கிப் பேசும்போது குழந்தைகள் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். சொற்களையும் இலக்கணத்தையும் மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சொல்லும் ‘தண்ணி’யின் உடைந்த வடிவத்தையே நீங்களும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் சரியான வடிவத்தை அது யாரிடம் கேட்கும்?

ஒரு செய்தி: பப்புவா நியூ கினியின் கலுலி மக்கள் கைக்குழந்தைகளிடம் இப்படிக் கொஞ்சிப் பேசுவதில்லை என்று அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே கொஞ்சல் வராதவர்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

தப்பாகப் பேசினால் திருத்தணுமா?

முதலில் அது எந்த மாதிரித் தப்பு என்று பாருங்கள். ‘நின்னேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ஒரு குழந்தை ‘நிக்கினேன்’ என்று சொல்லலாம். யாரும் அப்படிப் பேசி அது கேட்டிருக்காது. ஆகவே அது எதையும் பார்த்து ஒப்பிக்கவில்லை. விதியைக் கண்டுபிடித்து, அந்த விதிக்கு அடங்காத சொல்லிலும் போட்டுப் பார்க்கிறது. 1958இல் மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ, இல்லாத ஒரு பிராணிக்கு ‘வக்’ என்று பெயர் வைத்துப் படம் வரைந்து, இரண்டு இருந்தால் என்னவென்று குழந்தைகளிடம் கேட்டார். அந்தச் சொல்லை அதுவரை கேட்டேயிராத குழந்தைகள் ஆங்கில விதிப்படி ‘வக்ஸ்’ என்றார்கள்.

அதனால் ‘அப்படிச் சொல்லக் கூடாது, இப்படிச் சொல்லு’ என்று நிறுத்தாதீர்கள். ‘ஓ, நீயே நின்னியா?’ என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்துப் பேச்சைத் தொடருங்கள்.

வீட்டில் இரண்டு மொழி. குழம்பிவிடாதா?

குழம்பாது. இரு மொழிகள் கேட்டு வளர்வது மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாக எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியலாம். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரு மொழியும் கலப்பதும் இயல்பு, இருமொழி தெரிந்த பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம்.

பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு ‘ஒரு மொழியை நிறுத்திவிடுங்கள்’ என்று இன்னமும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். பெரும்பாலும் நிறுத்தப்படுவது வீட்டு மொழிதான். அம்மாவோ தாத்தாவோ தங்களுக்குச் சரளமில்லாத மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசி, பாதிப் பேச்சை விட்டுவிடுவார்கள். உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் தானாக வருகிறதோ, அதில் பேசுங்கள்.

கல்வி வீடியோக்கள் பார்த்தால் பேச்சு வருமா?

மொழி ஆய்வாளர் பாட்ரீஷியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பிரிவினரோடு மாண்டரின் (சீன மொழி) பேசுபவர்கள் நேரில் விளையாடிப் பேசினார்கள், மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு பிரிவினர் அதே ஆட்களை, அதே பேச்சை வீடியோவில் பார்த்தார்கள். நேரில் பழகிய குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டார்கள். வீடியோ பார்த்தவர்கள் ஒன்றுமே கற்கவில்லை.

காரணம் எளிது, வீடியோ குழந்தைக்காகக் காத்திருக்காது. அதனால்தான் வீடியோ அழைப்பு வேறு கணக்கு. இரண்டு வயதையொட்டிய குழந்தைகள், தங்களுக்குப் பதில் சொல்லும் ஒருவரிடமிருந்து திரை வழியாகவும் புதிய சொற்களைக் கற்றார்கள். வெளியூரிலிருக்கும் பாட்டியோடு பேசட்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டலின்படி இரண்டு வயதுக்குக் கீழ் உட்கார்ந்து திரை பார்ப்பது வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது பெரியவர்கள் பேசுவது குறைகிறது.

ஆண் குழந்தை, மெதுவாகத்தான் பேசுவான் என்கிறார்களே?

சராசரியாகப் பெண் குழந்தைகள் ஓரிரு மாதம் முந்துவார்கள், அவ்வளவுதான். இரண்டு வயதில் பேசாமலிருப்பதற்கு அது விளக்கம் அல்ல.

நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சு வரவில்லையா?

நாக்கின் அடியிலுள்ள சவ்வு மடிப்பு குட்டையாக இருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகள் பாதிக்கப்படலாம். சொற்களே வராமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

மூன்று வயதாகியும் ‘ரயில்’ ‘லயில்’ ஆகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ப, ம, த போன்றவை முதலில் வரும். ர, ழ போன்றவை கடைசியில். ஒலி ஒலியாகப் பார்ப்பதைவிட, வெளியாள் ஒருவருக்கு எவ்வளவு புரிகிறது என்று பாருங்கள். இரண்டு வயதில் பாதி, மூன்று வயதில் முக்கால், நான்கு வயதில் கிட்டத்தட்ட முழுவதும் புரிய வேண்டும் என்பது பழக்கத்திலுள்ள தோராயக் கணக்கு. நான்கு வயதில் குழந்தை பேசுவதை வீட்டார் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் ஸ்பீச் தெரபிஸ்டிடம் (பேச்சுப் பயிற்சி நிபுணரிடம்) காட்டுங்கள்.

திடீரென்று திக்கிப் பேசுகிறாள். என்ன செய்வது?

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் சுமார் 5 சதவீதக் குழந்தைகளுக்குத் திக்கல் வருகிறது. நான்கில் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். பயத்தாலோ யாரையாவது பார்த்துப் பழகியோ வருவதில்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ‘மெதுவா பேசு, மூச்சு விட்டுப் பேசு’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவள் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது தொடர்ந்து இருந்தாலோ, சொல் வராமல் முகத்தை இறுக்கிப் போராடினாலோ ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள்.

காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச முயலாமல் போய்விடுமா?

இந்தப் பயத்தால் பல குழந்தைகள் எந்த மொழியும் முழுமையாகக் கிடைக்காமல் முதல் சில ஆண்டுகளை இழக்கிறார்கள். காது கருவி, காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவைச் சிகிச்சையில் உள்காதில் பொருத்தும் கருவி), பேச்சுப் பயிற்சி எது வைத்தாலும் சைகை மொழி அதற்குத் தடையாகாது. மூளைக்குத் தேவை ஒரு முழு மொழி. அது காது வழி வருகிறதா கண் வழி வருகிறதா என்பது இரண்டாம்பட்சம். நிகரகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் முதன்முறையாகப் பலர் ஒன்றுசேர்ந்தபோது, யாரும் கற்பிக்காமலேயே அவர்களுக்குள் ஒரு சைகை மொழி உருவாகத் தொடங்கியது. பின்னால் சேர்ந்த சிறு குழந்தைகள்தான் அதற்கு இலக்கணச் செறிவு கொடுத்தார்கள்.

எப்போது நிபுணரிடம் போக வேண்டும்?

ஒரு வயதில் ‘பபப’ போன்ற மழலையோ, சுட்டுவது, கையசைப்பது போன்ற சைகைகளோ இல்லாவிட்டால். 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாவிட்டால். இரண்டு வயதில் தானாக இரண்டு சொற்களைச் சேர்க்காவிட்டால். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்பாவிட்டால். எந்த வயதானாலும், இருந்த சொற்களோ பழக்கங்களோ மறைந்துபோனால் உடனே.

முதலில் காதுப் பரிசோதனை. கதவு அடித்தால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது; பேச்சின் மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் வந்து வந்து போகும். பிறவியிலேயே குறை இருந்தால், ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவதுதான் இலக்கு.

காது சரியாக இருந்தும், வேறு காரணம் எதுவும் இல்லாமலும் மொழி பின்தங்கும் குழந்தைகள் சுமார் 7 சதவீதம் இருக்கிறார்கள். வகுப்பில் முப்பது பேர் என்றால் இரண்டு பேர். இதற்கு மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர். இவர்களைப் ‘கவனமில்லை’, ‘மந்தம்’ என்று சொல்லியே பள்ளிக்காலம் ஓடிவிடுகிறது.

‘மூன்று வயது வரை பொறுத்துப் பாருங்கள், எங்கள் வீட்டிலும் எல்லோரும் லேட்டாகத்தான் பேசினார்கள்’ என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் சொன்னபடியே ஆகலாம். ஆனாலும் மதிப்பீடு செய்துகொண்டு காத்திருப்பது வேறு, சும்மா காத்திருப்பது வேறு.

அங்கே போனால் என்ன செய்வார்கள்?

குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவார்கள். பார்ப்பதற்கு வெறும் விளையாட்டாகத்தான் இருக்கும். பிறகு உங்களிடம் நிறையக் கேட்பார்கள். போவதற்கு முன் ஒரு வாரம், குழந்தை எதையெல்லாம் சொன்னது, எதை எப்படிக் கேட்டது, மறுக்க என்ன செய்தது என்று குறித்துக்கொண்டு போங்கள். வீட்டில் இயல்பாக இருக்கும்போது எடுத்த இரண்டு, மூன்று நிமிட வீடியோவும் உதவும், ஏனென்றால் புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை. சிறு குழந்தைகளுக்கு நல்ல தெரபிஸ்ட் பயிற்சியின் பாதியை உங்களுக்குத்தான் கொடுப்பார். குழந்தையை அறைக்குள் அழைத்துக்கொண்டு உங்களை வெளியே உட்காரவைத்தால், உள்ளே வரலாமா என்று கேளுங்கள்.